இரண்டாவது வாத்தியார்

கிரஷர்காரருக்குக் காது போய்விட்டது என்பது, ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

கல்குவாரியை மூடுவதென்று முடிவாகிவிட்டது. ஆட்களை அனுப்புவதற்கு முன்னால் எல்லோருடைய உடம்பையும் சோதித்துக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்று கம்பெனிக்கு யாரோ ஓதியிருந்தார்கள். குழாயில் ஊதச் சொன்னார்கள், கண்ணில் டார்ச் அடித்தார்கள், கடைசியில் காது. தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார் டாக்டரம்மா. அவர் நாலைந்து தடவை அமுக்கினார். அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் மக்கர் செய்கிறது போல என்று நினைத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மெஷின் நின்றால் மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். கண்ணாடிக்கு வெளியே டாக்டரம்மா ஒவ்வொரு குமிழாகத் திருகிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு கோடு சமதரையில் நடந்துபோய், பாதி வழியில் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி கீழே இறங்கியிருந்தது.

"கனமான சத்தம் கேக்கும். மெல்லிசா, கீச்சுன்னு வர்றது எதுவும் கேக்காது. வாட்ச் அலாரம், குருவிச் சத்தம், அதெல்லாம் உங்களுக்குப் போயி பல வருஷம் ஆகியிருக்கும். கவனிக்கலையா?"

கேட்காததை ஒருவன் எப்படிக் கவனிப்பான்? மெஷின் வைத்தால் கேட்குமா என்றார். செத்த நரம்புக்கு மெஷின் வைத்துப் பிரயோசனமில்லை, இருக்கிற இரைச்சல்தான் கூடும் என்றார் டாக்டரம்மா. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். குருவிச் சத்தம் என்ற ஒரு சொல் மட்டும் செருப்பில் மாட்டிய கூழாங்கல்லைப் போல வீடுவரைக்கும் கூடவே வந்தது.

விஷயம் இதுதான். குவாரிக் குடியிருப்பில் கடைசி வீடு அவருடையது. அடுப்படிக்குப் பின்னால் ஒரு மதில், மதிலுக்கு அப்பால் காடு, காட்டுக்குள் ஒரு ஓடைப் பள்ளம். கல்யாணமாகி வந்த முதல் மாதமே, பின்பக்கம் ஒரு குருவி விடியற்காலையில் பாடுகிறது என்று அவர் மனைவி சொன்னாள். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை பாடுமாம். பாடிவிட்டு, பிள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும் என்று காத்திருக்கிற மாதிரி கொஞ்சம் நிறுத்துமாம். அதனால் அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தாள். அவர் பின்கட்டில் போய் நின்று பார்த்தார். ஓடைத் தண்ணீர் ஓடியது, தூரத்தில் லாரி ஏறியது, வேறொன்றும் இல்லை. அப்போதே அவர் கிரஷர் பக்கத்தில் ஆறு வருடம் நின்றிருந்தார். மலையை வெடி வைத்துப் பெயர்த்த பாறையை இரும்புத் தாடை கடித்துத் துப்புகிற இடம் அது. அங்கே நிற்பவர்கள் பக்கத்து ஆளிடம் பேசுவதே அக்கரையில் இருப்பவனைக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும். குடியிருப்புக்காரர்கள் டவுனில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நலம் விசாரித்தால், சண்டை என்று நினைத்து நாலு பேர் விலக்கிவிட ஓடி வருவார்கள்.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. "உன் வாத்தியார் இன்னைக்கு லீவா?" என்பார். "இதோ, இப்பப் பாடுதே" என்பாள் அவள். போகப்போக அது அவருக்கு எரிச்சலானது. அவளுடைய அம்மா இறந்த வருடம், பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பவள் பாதியில் கையை நிறுத்திவிட்டு மதிலையே பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கலாம். என் பெண்டாட்டிக்குக் கேட்கிற சத்தம் உங்களுக்கும் கேட்கிறதா என்று அடுத்தவன் வாசலில் போய் நிற்கிற ஆளில்லை அவர். நேராக டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இல்லாத சத்தம் கேட்கிறதாம் என்று டாக்டரிடம் அவரே சொன்னார். அந்த டாக்டரும் அவரைத்தான் கேட்டார், அவளைக் கேட்கவில்லை. வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த மாத்திரையைத் தின்றுவிட்டு அவள் விடியற்காலையில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். பகலில் அடுப்பில் பாத்திரம் தீய்ந்தது. இரண்டு மாதம் கழித்து மீதி மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டாள். அதற்குப் பிறகு வாத்தியாரைப் பற்றி அவர் முன்னால் வாயே திறக்கவில்லை. குணமாகிவிட்டதென்று அவர் நினைத்துக்கொண்டார். ஒரே கோர்ஸ், ஆள் பழையபடி ஆகிவிட்டாள் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம் கழித்து இப்போது கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். அவள் பின்கட்டில் துணியை அலசிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். "டீ இருக்கா?" என்று வந்தது.

மன்னிப்புக் கேட்பது அவர் பார்த்த வேலையில் கிடையாது. விரல் நசுங்கினால் துணி சுற்றுவார்கள், ஆள் செத்தால் ஒரு நாள் மெஷினை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். நாலு நாள் கழித்து, பழைய செய்தித்தாளைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு, அந்த வாத்தியார் இன்னும் பாடுகிறதா என்று கேட்டார். அவள் முகம் சட்டென்று இறுகியது.

"எதுக்குக் கேக்குறீங்க?"

சும்மாதான் என்றார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கையில் மாத்திரை எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டவள் போல, தினமும் பாடுகிறது என்றாள். அதன் அப்பனோ பாட்டனோ பாடியதைத்தான் இதுவும் பாடுகிறதாம். ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. பள்ளத்தில், புதருக்குள், இருட்டோடு இருட்டாக உட்கார்ந்துகொண்டு பாடுவது அது. தலையில் கல் சுமந்து தேய்ந்த முழங்காலை வைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தில் அவளால் இறங்க முடியாது.

"இத்தனை வருஷமா வாத்தியார். மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாது எனக்கு" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

அந்த முகத்தை அவளுக்குக் காட்டிவிடுவது என்று அவர் முடிவு செய்தது அப்போதுதான். ஒரு படம். அதைக் கையில் கொடுத்தால் மீதியெல்லாம் சொல்லாமலே சொன்னதாகிவிடும் என்று கணக்குப் போட்டார்.

அவளுடைய தம்பி டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம். விசேஷமில்லாத நாளில் காடு மேடெல்லாம் சுற்றிப் பறவைகளைப் படமெடுப்பது அவனுக்குப் பைத்தியம். பழைய கேமரா ஒன்றையும், ரப்பர் கிழிந்த நீள லென்ஸ் ஒன்றையும் கொடுத்தான். அக்காவிடம் சொல்லக்கூடாது என்று மட்டும் அவர் நிபந்தனை போட்டார். காது விஷயத்தை அவனிடமும் சொல்லவில்லை. செவிடன் என்று மச்சினன் வாயால் பேர் வாங்க அவருக்கு மனம் வரவில்லை.

"மாமா, அது லென்ஸு, கடப்பாரை இல்ல. மெதுவாத் திருகுங்க" என்பான் அவன். "உங்க கைக்கு ரெண்டு சுத்து சுத்தினா கழண்டு கையோட வந்துரும்."

மூன்று மாதம் கற்றுக்கொண்டார். காக்கையை எடுத்தார், கோழியை எடுத்தார், கொடியில் துணி காயப்போடும் மனைவியின் முதுகை அவளுக்குத் தெரியாமல் எடுத்தார். வெயிலில் எல்லாம் வந்தது. பள்ளத்துக்குள் போனால் ஒன்றும் வரவில்லை. விடிந்து ஒரு மணி நேரமானாலும் அங்கே பாதி ராத்திரிதான். ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் வெளிச்சம் கிடைக்கும், ஆனால் இலை அசைந்தாலும் படம் கலங்கிவிடும். வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டுகிற ஐஎஸ்ஓவைக் கூட்டினால் கலங்காது, ஆனால் படம் முழுக்கப் புள்ளி விழும் என்று மச்சினன் விளக்கினான்.

"புள்ளின்னா எந்த அளவு? முக்கால் இன்ச்சா, அரை இன்ச்சா?" என்று கேட்டார் அவர்.

அன்றிலிருந்து இருவருக்கும் அதுவே பேச்சானது. "மாப்ளே, இன்னைக்கு ஒன்றரை இன்ச் ஜல்லி" என்று படத்தைக் கொண்டுபோய்க் காட்டுவார். "சலிச்சுச் சலிச்சு மணலாக்குங்க மாமா" என்பான் அவன்.

சாக்குகளைத் தைத்து ஒரு மறைப்புக் கட்டினார். ஓடைக்கு மேலே ஒரு மரம் சாய்ந்து வேர் வெளியே தெரிந்தது. அந்த வேரைக் குறிவைத்து ஸ்டாண்டை நிறுத்தினார். கலவை அள்ளுகிற இரும்புச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கிரஷரில் நின்ற உடம்பு, நாள் முழுக்க அசையாமல் இருக்கச் சொன்னாலும் இருக்கும். ஆனால் குருவி எங்கே என்று தெரிய வேண்டுமே. பாட்டைக் கேட்டுத்தான் மற்றவர்கள் குருவியைத் தேடுவார்கள். அவருக்குப் புதரெல்லாம் ஒரே ஊமைப் புதர். எந்தப் பக்கமிருந்து பாடுகிறது என்று வீட்டில் நைச்சியமாக விசாரித்துக்கொண்டு போவார். அவள் கரண்டியால் திசை காட்டுவாள். அப்படிப் போயும் மூன்று வாரத்தில் இரண்டே தடவைதான் கண்ணில் பட்டது. பழுப்பாக ஏதோ வேருக்கடியில் ஓடியது, அவ்வளவுதான்.

அப்புறந்தான் மச்சினன் ஒரு வழி சொன்னான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ஸ்பீக்கரை எடுத்து மேஜைமேல் வைத்தான். அந்தக் குருவிக்குப் புத்தகத்தில் ஒரு நீளமான பெயர் இருந்தது. அதன் பாட்டு ஒன்றை எங்கிருந்தோ பிடித்து மெமரி கார்டில் ஏற்றியிருந்தான். புதரில் வைத்துப் போட்டால், தன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிட்டான் என்று நினைத்துக் குருவி சண்டைக்கு வெளியே வருமாம்.

"ஆனா மாமா, அரை நிமிஷம். அதுக்கு மேல வேண்டாம். வந்ததும் அமத்திடணும், இல்லேன்னா திரும்பத் திரும்ப ஓடிக்கிட்டே இருக்கும். விடாமப் போட்டா அது சோறு தண்ணி மறந்து கத்திக்கிட்டே கிடக்கும், பாவம். அது பண்ணக் கூடாத காரியம்."

சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினான். ஸ்பீக்கரைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு முகம் மலர நின்றான். அவரும் அதே மாதிரி தலையைச் சாய்த்தார். ஸ்டுடியோவின் மின்விசிறி கடகடத்தது, வெளியே பஸ் ஹார்ன் அடித்தது.

"எப்படி இருக்கு மாமா?"

"நல்லாருக்கு" என்றார்.

அந்த ஒரு சொல்லைத் திருப்பி வாங்க முடியுமென்றால் மீதி இருக்கிற பல்லையெல்லாம் கழற்றிக் கொடுத்திருப்பேன் என்று பிற்பாடு அவர் நினைத்துக்கொண்டது உண்டு.

மச்சினன் வெளியூர்க் கல்யாணத்துக்கு ஐந்து நாள் வேலையாகக் கிளம்பிப் போனான். மறுநாள் விடியலில் அவர் ஸ்பீக்கரைக் கொண்டுபோய் வேருக்குப் பக்கத்தில் இலைகளுக்குள் வைத்தார். அதில் நீலமாக ஒரு பொட்டு விளக்கு மின்னியது. அதைப் பார்த்தால் குருவி வராது என்று கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி மறைத்தார். பொத்தானை அமுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதென்று தெரியும். ஓடுகிறதா இல்லையா என்பதை வேறு விதமாகத் தெரிந்துகொள்ளலாம் என்று உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். முப்பத்தைந்து வருடம் எந்த மெஷினையும் அவர் அப்படித்தான் சோதித்தார். பேரிங் தேய்ந்தாலும், பெல்ட் தளர்ந்தாலும் கைக்குத்தான் முதலில் தெரியும். இதில் கைக்கு ஒரு அதிர்வும் தட்டவில்லை. ஊசி போன்ற சத்தத்துக்குத் தகரத்தை அதிர வைக்கத் தெம்பு ஏது என்பது அவருக்குத் தோன்றவில்லை. மறுபடி அமுக்கினார், மறுபடி, அழுத்திப் பிடித்து மறுபடி. சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானையும் விடவில்லை. கை வைத்தால் கல் மாதிரி கிடந்தது. சார்ஜ் இல்லை என்று முடிவு கட்டினார்.

வேலையிலிருந்து அனுப்பும்போது கம்பெனி ஆளுக்கொரு பவர் பேங்க் கொடுத்திருந்தது, செங்கல் கனத்தில். அடுத்த நடையில் அதைக் கொண்டுவந்து ஸ்பீக்கரில் சொருகினார். பனி படாமல் பிளாஸ்டிக் பையால் மூடி, இலையைப் பரப்பி, நன்றாக ஏறட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தார். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை அவர்.

அன்று மத்தியானமே மனைவி சந்தோஷமாகச் சொன்னாள், பள்ளத்தில் இரண்டாவதாக ஒரு வாத்தியார் வந்திருக்கிறார் என்று. ஒருவர் பாடி முடிக்கும் முன்னே இன்னொருவர் ஆரம்பிக்கிறாராம். அவர் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் படம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் நாள் விடியலில் குருவி வந்தது. தானாக வந்தது என்றுதான் அவர் நினைத்தார். வேர்மேல் ஏறி நின்று வாலை ஆட்டியது. முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். முதுகு பழுப்பு, நெஞ்சு செங்கல் நிறம், கழுத்துக்கடியில் கைக்குட்டை சொருகியது போல வெள்ளை. அவசரத்தில் ஸ்டாண்டை இடித்துக்கொண்டதில் எடுத்த எட்டுப் படமும் கலங்கிப்போயின.

வீட்டுக்கு வந்தால் மனைவியின் பேச்சு வேறு மாதிரி இருந்தது. புதிதாக வந்த வாத்தியார் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தவர் மாதிரி ஒரே நாலு வரியை அதே வரிசையில் பாடுகிறாராம், மாற்றவே மாட்டேன் என்கிறாராம். நம்ம ஆள்தான் வரிக்கு வரி பதில் சொல்லித் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார் என்றாள். மூன்றாம் நாள், ராத்திரியெல்லாம்கூட அது பாடுகிறது, எந்தக் குருவியாவது ராத்திரி முழுக்கப் பாடுமா என்று கேட்டாள். நாலாம் நாள், எனக்கு என்னமோ சரியாகப் படவில்லை என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இந்தத் தடவை அவளை ஒன்றும் சொல்லிவிடக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தார். உனக்குக் காதில் என்னமோ என்று சொல்லவில்லை. அது எப்படி, என்ன என்று கேட்கவுமில்லை. பேசாமல் இருப்பதையே பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டார். நாளைக்குப் படம் கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நினைப்பிலேயே இருந்தார்.

ஐந்தாம் நாள் கிடைத்தது. வெளிச்சம் மரங்களுக்கு இடையே ஒரு விரல் தடிமனில் வந்து வேரைத் தொட்டது. குருவி அங்கேதான் நின்றது. பறக்கவில்லை, ஒளியவில்லை. மறைப்புக்குள் இவர் இருமியபோதும் நகரவில்லை. நம்மோடு பழகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. ஷட்டரைப் பதினைந்தில் ஒரு செகண்டில் வைத்தார். மூச்சை விட்டு, அடுத்த மூச்சை இழுக்காமல், ஒரு முறை அமுக்கினார். பின்னால் திரையில் பார்த்தார். கண்ணில் வெளிச்சப் பொட்டு, திறந்த அலகு, உள்ளே மஞ்சள் தொண்டை. ஜல்லி இல்லை, மணல்கூட இல்லை, சலித்த மாவு மாதிரி படம். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை, பார்க்க ஆளில்லை.

முற்பகலில் மச்சினன் கல்யாணத்திலிருந்து நேராக வந்தான். அக்காவிடம் பாதிப் பேச்சில் இருந்தவனைத் தனியே தள்ளிக்கொண்டு போய்க் கேமராவைக் காட்டினார். அவன் வெகுநேரம் பார்த்தான். "நான் இருபது வருஷமா எடுக்கிறேன் மாமா, இப்படி ஒண்ணு எங்கிட்ட இல்ல" என்றான். அப்புறம் படத்தைப் பெரிதாக்கி, இறக்கை ஏன் இப்படித் தொங்குகிறது என்று மெதுவாகக் கேட்டான். நெஞ்சில் இறகு பிரிந்து தோல் தெரிகிறதே என்றான். அது கிடக்கட்டும், உன் ஸ்பீக்கர் ரிப்பேர், எடுத்துக்கொண்டு போ என்று அவர் அவனைப் பள்ளத்துக்கு அழைத்துப் போனார்.

பாதி இறக்கத்தில் அவன் நின்றான்.

"மாமா, ஸ்பீக்கர் ஓடுது."

"ஓடாது. முத நாளே செத்துப்போச்சு."

"ஓடிக்கிட்டிருக்கு மாமா. காது பிளக்குற மாதிரி ஓடுது." அவன் அவர் முகத்தையே பார்த்தான். "எத்தனை நாளா?"

அவன் சறுக்கிக்கொண்டே இறங்கி, இலையைக் கிளறி, பையைக் கிழித்து, டேப்பை உரித்தான். நீலப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. பவர் பேங்க் வயரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்காது" என்றார். "அன்னைக்கு ஸ்டுடியோவுல போட்டியே. அன்னைக்கும் கேக்கல."

அவன் பொத்தானை அமுக்கினான். அவருக்கு எதுவும் மாறவில்லை. மச்சினன் கையைத் தூக்கி அவரை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டைக் கேட்டான். பத்து நிமிடம், கால் மணி நேரம். கடைசியில் வேருக்கடியில் குனிந்து பார்த்தான். இறகுகூட இல்லை. ஓய்ந்துபோய் இடத்தை விட்டுப் போயிருக்கும் மாமா என்றான். வேறு எதுவும் ஆகியிருக்கலாம் என்பதை அவன் சொல்லவில்லை.

வீட்டுக்கு ஏறி வந்தபோது அவள் பின்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தம்பியிடம்தான் சொன்னாள். புதிதாக வந்தது கொஞ்ச நேரம் முன்னால் வெட்டினாற்போல நின்றுவிட்டதாம். நம்ம வாத்தியார் காலை வெயில் வந்தபோதே நிறுத்திவிட்டாராம்.

அவர் இரும்புச் சட்டியை முற்றத்தில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடிக் கூண்டு, கிணற்றில் விழுந்த கோடு, மூன்று மாதம், ஸ்பீக்கர், டேப், பவர் பேங்க். வரிசையாக, விபத்து நடந்த அன்று மேனேஜரிடம் சொல்கிற மாதிரி சொன்னார். மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "அந்த மாத்திரை..." என்று ஆரம்பித்தார்.

அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

அவள் மூச்சை இழுத்துவிட்டுக் குவாரிக் குரலில் சொன்னாள். "மாத்திரையை விடுங்க. அது நீங்க தெரியாமப் பண்ணினது. இது நான் தினமும் சொன்னேனே. ராத்திரியும் பாடுது, சரியில்லைன்னு சொன்னேனே. எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீங்க."

குடியிருப்பில் பாதி வீடு காலி. இருந்த ஒரு வீட்டில் ஜன்னல் திறந்தது. யாரோ சண்டையென்று எட்டிப் பார்த்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பி ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள்.

படத்தைக் காட்டச் சொன்னாள். மச்சினன் கேமராவை அவள் கையில் கொடுத்தான். அவள் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானையால் நிழல் கட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதா?" என்றாள் தம்பியிடம். பிறகு, "வாய் திறந்திருக்கு. பாடுதா?"

அவன் ஸ்பீக்கரைச் சட்டைப் பைக்குள் தள்ளினான். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் மிச்சத் துணியை அலசினாள். பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்துத் தருகிறேன் என்று தம்பி சொன்னதற்கு வேண்டாம் என்றாள்.

அடுத்த நாள் விடியலில் அவர் அவளுக்கு முன்னால் எழுந்து பின்வாசலில் உட்கார்ந்தார். அவள் வந்ததும் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மறைப்பைப் பிரித்து எடுத்துவந்தார். சாக்கில் ஓடைச் சேறு ஒட்டியிருந்தது, அவளே அலசிக் காயப்போட்டாள். பள்ளத்துப் பக்கம் அவர் போவதை நிறுத்திவிட்டார். போனாலும் அங்கே அவருக்குத் தெரிய ஒன்றுமில்லை. மச்சினன் இரண்டு தடவை வந்து விடியலில் இறங்கி நின்று கேட்டுவிட்டுப் போனான். டீயைக் குடித்துவிட்டு, பேச்சை வேறெங்கோ திருப்பிவிட்டுக் கிளம்பினான்.

பத்துப் பதினைந்து நாள் அவர் விடாமல் காலையில் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு நாள் அவள் அலுத்துப்போய்ச் சொன்னாள்.

"இனிமே கேக்காதீங்க. வந்தா நானே சொல்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதற்குப் பிறகு கேட்க முடியாமல் போயிற்று. இப்போது மழை வந்து போய்விட்டது, மதிலில் பாசி ஏறிவிட்டது. தினமும் விடியலில் இருவரும் பின்வாசலில் உட்கார்கிறார்கள். அவள் மதிலைப் பார்த்துக்கொண்டு டீயை ஆற்றுகிறாள், அவர் அவளைப் பார்க்காமல் குடிக்கிறார். அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. குருவி வரவில்லையா, வந்தும் அவரிடம் சொல்லவில்லையா என்று தெரிந்துகொள்ள அவருக்கு எந்த வழியும் இல்லை.